நின்று கேட்ட நாற்காலி

பகலவன் அனுப்பியது நெல்லின் படம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, நெல் வியாபாரிகள் சங்கத்துக் களத்தில் கொட்டிக் கிடந்த தன் சம்பா நெல்லை நாலு பக்கமும் நின்று படம் எடுத்து, “இந்த வருசம் எப்படி?” என்று கேட்டு அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அக்கா செம்மொழிக்குத் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவளுக்கு மூன்றாவது படத்தில் விரல் நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நெல் குவியலுக்குப் பின்னால், ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைச் சுமந்துகொண்டு ஒரு நாற்காலி இருந்தது.

உடனே தம்பியைக் கூப்பிட்டாள்.

“பகலவா, அந்த நாற்காலி யாருது?”

“எந்த நாற்காலி?”

“மீட்டர் வச்சிருக்காங்கல்ல, அது.”

“ஏன்க்கா, ராத்திரி பகலா தண்ணி கட்டி வெளயவச்ச நெல்லப் படம் புடிச்சு அனுப்புனா, நீ நாற்காலியப் பாக்குறியா?”

“நெல்லு தங்கமா இருக்குடா. அந்த நாற்காலியோட முதுகுப் பக்கத்த ஒரு படம் எடு. அப்புறம் கீழ குனிஞ்சு அடிப்பக்கத்த ஒண்ணு.”

“ஊரே பாக்குது. நாற்காலிக்கு அடியில பூந்து என்னடா பண்றேன்னு கேப்பானுங்க.”

“கேக்கட்டும். எடு.”

படங்கள் வந்தன. அடுத்த நோயாளி மார்பில் கைவைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். செம்மொழி அவரை மேடையில் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது அவர் வெளியே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியாது. கும்பகோணத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது முக்காலி ஒன்றை வாங்கி வந்தாள். மூடப்பட்ட ஒரு கம்பெனி அலுவலகத்திலிருந்து, கொக்குக் கழுத்து போல வளைந்த மேசை விளக்கு. அதற்குப் பிறகு, வாயில் மட்டும் பச்சைப் பூச்சு ஓடவிட்ட ஒரு மண் ஜாடி. பழசு என்பதற்காக அவள் எதையும் வாங்கியதில்லை. தேக்கில் யாளியும் பூவும் செதுக்கிய செட்டிநாட்டுக் கட்டில் இலவசமாக வந்தாலும் அவளுக்கு வேண்டாம். அலங்காரமே இல்லாமல், ஒரே ஒரு வளைவில் வேலையை முடித்துவிட்ட பொருள்தான் அவளை இழுத்தது. அவளுடைய கணவர் மட்டும், “நம்ம வீட்ல உக்காரக் கூடாத நாற்காலிதான் அதிகம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்க முதுகெலும்புகளைப் பார்க்கிறவள் அவள். கூனியது, சாய்ந்தது, மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்தது. மனித முதுகு ஒரு கேள்வி என்றால், நல்ல நாற்காலி அதற்கு ஒருவர் யோசித்துச் சொன்ன பதில் என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பதில் சரியா தவறா என்பது வேறு விஷயம். பெரும்பாலான நாற்காலிகள் கேள்வியையே காதில் வாங்கியதில்லை.

மும்பையிலும் லண்டனிலும் நடக்கும் ஏலங்களைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்ப்பாள். சுத்தியல் விழும்போது டிபன் பாக்ஸ் மூடியை மேசையில் தட்டுவாள். ஒருமுறைகூட விலை கேட்டதில்லை. அந்த ஏலங்களில் ஒரு ஸ்டூலின் ஆரம்ப விலைக்கு அவளுடைய ஒரு வருடச் சம்பளம் போதாது. அப்படி ஓர் ஏலத்தின் பட்டியலில்தான் மெஹ்ரு தாராபோர் என்ற பெயரை முதலில் படித்தாள். பம்பாய்க்காரர். அறுபதுகளில் கொஞ்ச காலம் மட்டும் மரச்சாமான் வடிவமைத்துவிட்டு, ஏனோ விட்டுவிட்டவர். தாழ்ந்த தேக்கு நாற்காலி, கவராயம் போல விரிந்த கால்கள், கைப்பிடியும் பின்னங்காலும் சந்திக்கும் இடத்தில் ஆணியே இல்லாத ஒரு மூட்டு. தெற்கே சில கட்டடங்களுக்கும் இவை போயின, இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை என்று பட்டியல் சொன்னது.

பகலவன் அனுப்பிய படத்தில் அந்த மூட்டு இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் அவள் சங்கத்துக்குப் போய் நின்றாள். கூடவே அப்பா வைரக்கண்ணு. அவர் வாலிபத்தில் இதே சங்கத்தில் சுமை தூக்கியவர். இன்றைக்குச் சொந்தமாக இரண்டு மா நிலம், மகன் பெயரில் டிராக்டர், மகளுக்கு ஆஸ்பத்திரி வேலை. ஆனாலும் களத்துக்குள் நுழைந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கை தானாகச் செய்தது அது.

செம்மொழி மீட்டரைத் தூக்கப் போனாள். எடை போடுகிறவர் பதறினார். “தூக்காதீங்கம்மா, ரீடிங் மாறிடும்.”

தூக்காமலே குனிந்து பார்த்தாள். பிரம்பு எப்போதோ அறுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் கூடை பின்னும் பிளாஸ்டிக் வயரால், நீலமும் வெள்ளையுமாக, யாரோ கட்டம் கட்டமாகப் பின்னியிருந்தார்கள். இடது பின்னங்காலைத் தொட்டவுடன் விரல் நின்றது. ரேகை வேறு. தேக்கு இல்லை, பூவரசு. மற்ற மூன்று கால்களும் அந்த மூட்டும் அசல். மூட்டைக் கட்டை விரலால் தடவினாள். அவ்வளவு வருடம் கழித்தும் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

“இதுக்கா தஞ்சாவூர்லேர்ந்து பஸ்ஸு ஏறி வந்த?” என்றார் வைரக்கண்ணு. “இதுல யாரும் உக்காந்து நான் பாத்ததில்ல. கணக்குப்புள்ள ஈர வேட்டிய இதுமேலதான் காயப்போடுவாரு.”

“நீங்க உக்காந்ததில்லையாப்பா?”

“நான் எதுக்கு உக்கார்றேன்? நான் உக்காந்தா மூட்டைய யாரு தூக்குறது?” அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். “அதோட, இவ்வளவு பள்ளமா இருந்தா எப்புடி? உக்காந்தா எழுப்பி விட ரெண்டு ஆளு வேணும்.”

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், அறுவடை முடிந்ததும் சாமான்கள் எல்லாம் பொது ஏலம் என்று எடை போடுகிறவர் சொன்னார். இதைக் கேட்டு செம்மொழிக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அதன் பின்னாலேயே பயம் வந்தது. சங்கத்தார் சாமான்களைப் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார்கள். அந்த மூட்டு எதென்று தெரிந்த இன்னொரு கண் எங்காவது இருந்தால்?

ஏலத்துக்கு முந்திய வாரங்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்த சீட்டுப் பணம் அறுபதாயிரம் கையில் இருந்தது. சமையலறைக்குக் கிரானைட் போட வைத்திருந்தது. கணவரிடம் கேட்டாள். “கிரானைட்டு எங்கயும் போயிடாது, அந்த நாற்காலி போயிடும்” என்றார் அவர். அவள் எதிர்பார்த்ததைவிட அது சுலபமாக முடிந்துவிட்டதால் பயம் இன்னும் கூடியது. இனி தோற்றால் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

ஏலம் நடந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் திருவிழாக் கூட்டம். ஏலம் கூறுகிறவர் துரைராசு. ஒவ்வொரு வருடமும் ஊர்க் குளத்து மீனையும் ஏரிக்கரைப் புளியமரங்களையும் ஏலம் விடுகிறவர் அவர்தான். குளத்து ஏலத்தின் முறையைத்தான் இங்கேயும் கொண்டுவந்திருந்தார். கேட்கிறவர்கள் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் விலகிவிட்டதாகக் கணக்கு. ஒரு காலத்தில் யார் விலகினார், யார் விலகவில்லை என்று குளக்கரையில் மண்டை உடைந்த பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. வாயால் சொன்னதை மறுக்கலாம், ஊர் பார்க்க உட்கார்ந்ததை மறுக்க முடியாது. சுற்று வட்டாரத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சோற்றை வலது கையால் சாப்பிடு என்று யாரும் அறிவிப்பதில்லை அல்லவா?

தராசு போனது. தகரக் கொட்டகை போனது. தார்ப்பாய்க்கு ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் நிற்கும், பிறகு ஒவ்வொருவராக நெல் மூட்டைகள்மேல் உட்காருவார்கள், கடைசியில் ஒருவர் மட்டும் நிற்பார். துரைராசு மூன்று தரம் சொல்லித் துண்டை உதறுவார்.

“அடுத்து, மரச்சாமான்!” என்றார் துரைராசு. “ஒடஞ்ச பெஞ்சு ரெண்டு, அலமாரி ஒண்ணு, சாய்வு நாற்காலி ஒண்ணு. மொத்தமா ஒரே ஏலம். ஐநூறுலேர்ந்து கேளுங்க!”

செம்மொழி எழுந்து நின்றாள். திருத்துறைப்பூண்டியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சேக் தாவூது நின்றார். கூட்டத்தின் கோடியில் ஓர் இளைஞனும் நின்றான். மடிப்புக் கலையாத சட்டை, காதில் போன். அவன் பெஞ்சைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. பார்வை நேராக அந்த மூட்டில் இருந்தது. செம்மொழி பயந்தது நடந்துவிட்டது. ஆனால் கூடவே, எங்கிருந்தோ ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருடத்தில் தான் பார்ப்பதையே பார்க்கிற இன்னொரு ஆளை இந்த ஜில்லாவில் அவள் கண்டதில்லை.

ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் என்று ஏறியது. மூவாயிரத்தில் சேக் தாவூது மூட்டைமேல் உட்கார்ந்தார். “வெறகுக்கு இது போதும்மா. நீங்க ரெண்டு பேரும் வீட்ட வெலைக்குக் கேக்குறீங்க போலருக்கு.”

கூட்டம் சிரித்தது. பத்தாயிரத்தில் சிரிப்பு நின்றது. இருபதாயிரத்தில், களத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு உள்ளே வந்தார்கள்.

“நாற்காலிக்குள்ள ஏதோ இருக்குடா.”

“பழைய மொதலாளி நகைய ஒளிச்சு வச்சிருப்பாரு.”

“வயரு பின்னுனது நம்ம சின்னம்மாதான். இருந்தா அதுக்குத் தெரியாதா?”

“இருவத்தஞ்சு!” என்றாள் செம்மொழி. தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பகலவன் பின்னால் நின்று, “அக்கா, மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே தன் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இளைஞன் போனில் ஏதோ பேசினான். “முப்பது” என்றான்.

“முப்பத்திரண்டு!”

அவன் கையைக் காட்டி ஒரு நிமிடம் அவகாசம் கேட்டான். போன் காதிலேயே இருந்தது. “சரி சார், உட்கார்ந்து பார்க்கிறேன் சார்” என்று அவன் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. நாற்காலியின் அருகே போனான். உட்கார்ந்தான். முதுகு தானாகப் பின்னால் சாய்ந்து பொருந்தியது.

களம் ஓவென்று கத்தியது. துரைராசு துண்டை உயர்த்திவிட்டார்.

“உக்காந்துட்டாரு! தஞ்சாவூர் எக்ஸ்ரே அம்மா முப்பத்திரண்டாயிரம்! ஒரு தரம்!”

இளைஞன் திடுக்கிட்டு எழுந்தான். “என்ன ஆச்சு? நான் இன்னும் கேட்கிறேனே!”

“ரெண்டு தரம்!”

“அக்கா, முடிஞ்சுது! முடிஞ்சுது!” என்று பகலவன் குதித்தான்.

இன்னும் ஒரு சொல்தான் மிச்சம். செம்மொழி அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றப்பட்டவனின் முகம் இல்லை அது. எதுவுமே புரியாதவனின் முகம். இப்படிக் கிடைத்தால் என்ன, கிடைத்தது கிடைத்ததுதானே என்று மனதின் ஒரு பாதி சொன்னது. ஆனால் இந்த நாற்காலியின் மதிப்பு தெரிந்த ஒரே ஆளை, அவனுக்குத் தெரியாத வழக்கத்தை வைத்து வெளியே தள்ளிவிட்டால் அப்புறம் இது யாரோடு போட்டியிட்டு வாங்கிய நாற்காலி? சேக் தாவூதோடா? விறகோடா?

“நிறுத்துங்கண்ணே!” என்றாள். “அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது. உக்காந்தது கணக்குல வராது.”

களத்தில் இப்போது வேறு விதமான கூச்சல். “வைரக்கண்ணு மவளுக்கு மறை கழண்டுபோச்சு” என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. பகலவன் தலையில் கைவைத்துக்கொண்டு மூட்டைமேல் சரிந்தான். துரைராசு துண்டை இறக்காமலே முறைத்தார்.

“ஏம்மா, ஊரு மொறைய நீ மாத்துவியா?”

“மாத்தலண்ணே. தெரிஞ்சவனுக்குத்தானே மொற? அவருக்கு யாராச்சும் சொன்னோமா?”

துரைராசு யோசித்தார். பிறகு இளைஞனைப் பார்த்து, “தம்பி, பேரென்ன?” என்றார்.

“இர்பான். புதுச்சேரியிலிருந்து வர்றேன்.”

“இர்பான் தம்பி, கேளுங்க. இங்க நின்னா கேக்குறீங்கன்னு அர்த்தம். உக்காந்தா விட்டுட்டீங்கன்னு அர்த்தம். இப்ப சொல்லிட்டேன். இனிமே கால் வலிச்சாலும் நான் பொறுப்பில்ல.”

இதை நேர்மை என்று அன்றைக்குச் சிலர் புகழ்ந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். அவள் செய்ததில் பாதி நியாயம் என்றால் மீதிப் பாதி ஆசைதான். வெறுமனே ஜெயிக்கப் பிடிக்காத, முழுசாக ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை. அவளைக் கேட்டிருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஏலம் மறுபடி கிளம்பியது. இந்த முறை ஒரு மூட்டைமேலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. முப்பத்தைந்து. நாற்பது. கேட்கிறவர்கள் மட்டும்தான் நிற்க வேண்டும் என்று துரைராசு கத்தினார். பாதிப்பேர் உட்கார்ந்து, உடனே எழுந்துகொண்டார்கள். நாற்பத்தைந்து. ஒவ்வொரு விலைக்கும் வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது. செம்மொழிக்கு உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை மீட்டரில் வைத்துப் பார்த்தால் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றி, அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஐம்பத்தைந்து” என்றான் இர்பான்.

“ஐம்பத்தெட்டு!”

இன்னும் ஒரு முறைதான் அவளால் கேட்க முடியும். அதற்கு மேல் கிரானைட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை. இர்பான் போனில் பேசினான். நாற்காலியைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய் அதன் அருகே மண்டியிட்டு, உட்காராமல், இடது பின்னங்காலைத் தட்டிப் பார்த்தான். உட்கார்ந்தபோது ஒரு பக்கம் லேசாக அமுங்கியதை அவன் உடம்பு மறக்கவில்லை போலிருக்கிறது. காலைப் படம் எடுத்து அனுப்பினான். போன் உடனே அடித்தது. கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராக செம்மொழியிடம் வந்தான்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். நீங்க அப்போ நிறுத்தினதாலதான் சொல்றேன். அந்தப் பின்னங்கால் ஒரிஜினல் இல்லை. வேற மரம். வெளியில விலை பாதிக்குப் பாதி போயிடும். எங்க சார் வேண்டாம்னுட்டார். நீங்களும் ஒரு தடவை யோசிச்சுக்குங்க.”

“பூவரசு” என்றாள் செம்மொழி.

“தெரியுமா?”

“மொத நாளே தொட்டுப் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா இவ்வளவு கேட்டீங்க?”

“நான் விக்கிறதுக்கா வாங்குறேன்? மத்த மூணு காலும் அந்த மூட்டும் அவங்க செஞ்சது. இந்தக் காலு எங்க ஊரு ஆசாரி போட்டது. அதுவும் இத்தன வருசம் நிக்குதுல்ல.”

இர்பான் திரும்பி, மூட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேலே இருந்த நெல்மணிகளைத் தட்டிவிட்டு, ஊர் முழுக்கப் பார்க்க, நிதானமாக உட்கார்ந்தான். “இது கணக்குல வருதுங்களா?” என்று துரைராசுவைக் கேட்டான்.

“வருது தம்பி! நல்லாவே வருது!” துரைராசுவின் துண்டு காற்றில் விரிந்தது. “ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!”

பிறகு என்ன நடந்தது என்று செம்மொழிக்கு வரிசையாக நினைவில்லை. பகலவன் அவளைத் தூக்கப் பார்த்தது நினைவிருக்கிறது. சேக் தாவூது, “அந்தப் பெஞ்சும் அலமாரியும் உனக்கு வேண்டாமே, நான் எடுத்துக்குறேன், மூவாயிரம் தர்றேன்” என்று அப்போதே பேரம் ஆரம்பித்ததும் நினைவிருக்கிறது. இர்பான் புறப்படும் முன்பு தன் நம்பரைக் கொடுத்து, “பிரம்பு மாத்தணும்னா நல்ல ஆள் இருக்கார்” என்றான். அவள் நீல வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து, “பாக்கலாம்” என்றாள். மாற்றுவாளா என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து நாற்காலியை ஏற்றினார்கள். கால்களுக்குச் சாக்கு சுற்றி, கயிறு போட்டாலும் செம்மொழிக்கு மனம் ஆறவில்லை. மன்னார்குடி வரை ரோடு அப்படி, ஒரு குலுக்கலில் மூட்டு போய்விட்டால் என்று டிரைவரிடமே கேட்டாள்.

“நீ முன்னாடி உக்காரு. நான் பின்னாடி புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்” என்று வைரக்கண்ணு துண்டை இறுக்கிக்கொண்டு ஏறினார். “இதவிட கனமா எவ்வளவோ புடிச்சிருக்கேன்.”

வண்டி களத்தை விட்டு இறங்கி, வாய்க்கால் பாலம் தாண்டி, அறுத்த வயல்களுக்கு நடுவே ஓடியது. உளுந்து முளைத்துப் பச்சை பிடித்திருந்தது. டிரைவர், “அந்த நாற்காலிக்குள்ள என்னமோ இருக்குன்னாங்களே, உண்மையா?” என்று கேட்டான். செம்மொழி சிரித்தாள். இரண்டாவது வளைவில், கயிறு தளர்ந்திருக்குமோ என்று பின் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள்.

அப்பா நின்றுகொண்டிருக்கவில்லை. நாற்காலியில் முழுசாகச் சாய்ந்திருந்தார். இரண்டு கைகளும் அகலக் கைப்பிடிகளில் இருந்தன. துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு வந்திருந்தது. எதிரே டிராக்டரில் வந்த தெரிந்தவர் ஒருவர் ஏதோ கேட்க, எழுந்திருக்காமலே கையை உயர்த்தி, காற்றில் பாதி போய்விட்ட குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மெதுவா ஓட்டுங்க” என்றாள் செம்மொழி டிரைவரிடம்.

“மூட்டு போயிடுமாக்கா?”

“இல்ல. மெதுவா ஓட்டுங்க.”